கை எழுதியதும் மனம் மறுத்ததும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவு. பேச்சின் ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, கிளைப் பேச்சுகளைக் குறைத்துச் செப்பம் செய்த வடிவம்.)



சற்று முன் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர், "ஆவி உண்டா இல்லையா, அதை முதலில் சொல்லிவிடுங்கள் ஐயா, மற்றதை அப்புறம் கேட்கிறோம்" என்றார். அவருக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நம்புகிறவர்களோடு வழக்காடவும் நான் வரவில்லை. நான் கையில் எடுத்திருப்பது ஓர் ஆங்கிலேயக் குருவானவர் எழுதிய 24 குறிப்பேடுகளை. வில்லியம் ஸ்டெயின்டன் மோசஸ் என்பது அவர் பெயர். இந்தக் குறிப்பேடுகளில் கேள்வியும் அவர் கையெழுத்து, பதிலும் அவர் கையெழுத்து. கேள்வி கேட்கும் மோசஸ் திருச்சபையின் பக்கம் நிற்கிறார். பதில் எழுதும் கை திருச்சபையின் கோட்பாடுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போகிறது.

கிறித்தவக் கோட்பாடுகளை 19ஆம் நூற்றாண்டில் பலர் கேள்வி கேட்டார்கள். மொழியறிஞர்கள் பழஞ்சுவடிகளை ஒப்பிட்டுக் கேட்டார்கள். நிலவியலார் பாறை அடுக்குகளைக் காட்டிக் கேட்டார்கள். மோசஸுக்கு வாய்த்த வழி வேறு. ஓர் இறைவாக்கினர் எழுத உட்கார்ந்தபோது என்ன நேர்ந்திருக்கும் என்பதைத் தன் கை தானே எழுதிய அனுபவத்தை வைத்து அவர் யோசித்தார். செய்தி எங்கிருந்து வந்தாலும், வாங்கிச் சொல்லும் மனிதனின் சாயல் அதில் ஏறாமல் இராது என்ற முடிவுக்கு வந்தார். அவருடைய கேள்விகள் எல்லாவற்றுக்கும் இதுவே வேர் என்பது என் வாதம். பழைய கோட்பாடுகளுக்கு மாற்றாக அவர் நிறுத்தியதையும் இதே வேர்தான் பெயர்த்தது. ஆறு பகுதிகளாகச் சொல்கிறேன். எல்லாம் ஒரே நீளத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

1. ஆள்

மோசஸ் 1839இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் டானிங்டன் என்ற ஊரில், பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் எக்ஸிட்டர் கல்லூரியில் படிக்கும்போது உடல்நலம் கெட்டது. இறுதித் தேர்வைத் தள்ளிவைத்துவிட்டு ஐரோப்பாவில் சுற்றினார். கிரேக்கத் துறவிகள் வாழும் ஆதோஸ் மலை மடம் ஒன்றில் ஆறு மாதம் தங்கினார். திரும்பிவந்து 1863இல் பட்டமும் குருப்பட்டமும் பெற்று, மேன் தீவின் மாகோல்டு பங்கில் உதவிக் குருவாகச் சேர்ந்தார். அங்கே பெரியம்மை பரவியது. அக்கம்பக்கத்தில் மருத்துவர் இல்லை. நோய் முற்றிய ஒருவரை நெருங்கவே ஊரார் அஞ்சியபோது, மோசஸ் கூட இருந்து பார்த்துக்கொண்டதோடு, அவர் இறந்தபின் அடக்கம் செய்யவும் கைகொடுத்தார். பங்கு மக்களுக்கு அவர்மேல் பெரும் பற்று. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கோட்பாட்டைக் கேள்வி கேட்பவர் என்றாலே திருச்சபையோடு மனக்கசப்பு உள்ளவர் என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். இவரிடம் அப்படி ஒரு கசப்பு இருந்ததற்குத் தடயமே இல்லை. பிரசங்க மேடையிலிருந்து அவரை இறக்கியது தொண்டைக் கோளாறு.

1870இல் லண்டனுக்கு வந்தார். ஸ்பியர் என்ற மருத்துவரின் குடும்பத்தோடு தங்கி அவர் மகனுக்குப் பாடம் சொன்னார். பிறகு யுனிவர்சிட்டி காலேஜ் பள்ளியில் ஆங்கில ஆசிரியரானார். 1889 வரை அதே வேலை. மாணவனின் சமயத்தைக் கேளாமல் சேர்த்துக்கொண்ட பள்ளி அது.

1872இல் திருமதி ஸ்பியர் நோயுற்றுப் படுத்திருந்தபோது, ராபர்ட் டேல் ஓவன் ஆவியுலகத்தைப் பற்றி எழுதிய நூலைப் படித்தார். இதில் ஏதாவது இருக்கிறதா பாருங்கள் என்று மோசஸிடம் கேட்டுக்கொண்டார். மோசஸோ அதற்குச் சிறிது முன்புதான், டேனியல் ஹோம் என்ற புகழ்பெற்ற மீடியத்தை, அதாவது ஆவிகளுக்கு ஊடகமாக நிற்பவரை, பற்றிய பதிவு ஒன்றைப் படித்துவிட்டு வறட்டு உளறல் என்று தூக்கிப்போட்டவர். இருந்தும் அந்த அம்மையார் கேட்டதற்காகப் போய்ப் பார்த்தார். ஓராண்டுக்குள் அவரே மீடியமாகிவிட்டார்.

2. காலம்

அமெரிக்காவில் 1848இல் ஃபாக்ஸ் சகோதரிகள் வீட்டில் கேட்ட தட்டல் ஒலியிலிருந்து ஆவியுலக இயக்கம் கிளம்பிய கதை பலருக்கும் தெரியும். அவர்களில் மார்கரெட் 1888இல் எல்லாம் கால்விரலால் செய்த சூது என்று மேடையிலேயே ஒப்புக்கொண்டதும், மறு ஆண்டே அதை மறுத்ததும்கூடத் தெரிந்திருக்கும். அதை விட்டுவிடுகிறேன். நமக்கு வேண்டியது இங்கிலாந்துத் திருச்சபைக்குள் நடந்தது.

1860இல் 'கட்டுரைகளும் மதிப்புரைகளும்' என்ற தொகுப்பு வெளியானது. எழுதியவர்கள் எழுவர், அதில் ஆறு பேர் குருவானவர்கள். வேதாகமத்தையும் மற்ற நூல்களைப் படிக்கும் முறையிலேயே படிக்க வேண்டும் என்றது அதில் ஒரு கட்டுரை. 1862இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் ஆயர் கொலென்சோ, மோசேயின் ஐந்து நூல்களில் வரும் கணக்குகள் பொருந்தவில்லை என்று காட்டினார். வெள்ளப் பெருக்குக் கதையெல்லாம் உண்மைதானா என்று அவரைக் கேட்டது வில்லியம் ங்கிடி என்ற ஸூலு மொழிபெயர்ப்பாளர். ஆயர் கொண்டுபோன வேதத்தை உபதேசம் கேட்க வந்தவரே உரசிப் பார்த்திருக்கிறார். அந்தத் தொகுப்பின் கட்டுரையாளர்களில் இருவர்மீதான வழக்கு பிரிவி கவுன்சிலுக்குப் போனது. தீயோருக்கும் கடைசியில் மன்னிப்புக் கிடைக்கலாம் என்று ஒரு குருவானவர் எதிர்பார்ப்பது குற்றமாகாது என்று 1864இல் அங்கே தீர்ப்பானது. அதே ஆண்டில், நரகம் நித்தியமானதே என்று உறுதிமொழி எழுதி ஏறத்தாழ 11,000 குருவானவர்கள் கையொப்பமிட்டார்கள்.

மோசஸ் குருப்பட்டம் பெற்றது இந்த இரைச்சலின் நடுவில்தான். இங்கிலாந்துத் திருச்சபையின் 39 கோட்பாடுகளுக்குப் பழைய கடுமையான வாசகத்தின்படி ஒப்பமிட்ட கடைசித் தலைமுறையில் அவரும் ஒருவர். 1865இல் ஒரு சட்டம் அந்த வாசகத்தைத் தளர்த்தியது. ஆண்டுக்கு 13 நாள்கள், கிறிஸ்து பிறப்புப் பெருநாளும் உயிர்ப்புப் பெருநாளும் உட்பட, அத்தனாசியார் விசுவாசப் பிரமாணத்தைச் சபையார் சொல்ல வேண்டும் என்று அந்தத் திருச்சபையின் பொது மன்றாட்டு நூல் விதித்திருந்தது. இந்த விசுவாசத்தைப் பழுதின்றிக் காக்காதவர் நித்தியமாகக் கெட்டழிவார் என்பது அதன் தொடக்கத்திலேயே வரும் கருத்து. அந்தச் சாப வரிகளை வைத்துக்கொள்வதா, விளக்கம் கொடுத்துத் தப்பிப்பதா என்று ஆண்டுக்கணக்கில் வாதிட்டு, கடைசியில் ஒரு விளக்க அறிக்கையோடு கான்டர்பரி குருமன்றம் நிறுத்திக்கொண்டது 1873இல். மோசஸின் கை எழுதத் தொடங்கியதும் 1873 மார்ச் இறுதியில்.

3. குறிப்பேடு

சட்டைப்பையில் வைக்கும் சிறு குறிப்பேட்டில்தான் முதலில் எழுதினார். மனத்தைச் செயலற்று விட்டுத் தனியே உட்கார வேண்டும். தொடக்கத்தில் எழுத்து சிறியதாக, கோணல்மாணலாக, மெதுவாக வந்தது. பழகியபின் சீராகி, சில பக்கங்கள் அச்சுக் கோத்ததுபோல் அழகாக அமைந்தன. வெவ்வேறு ஆவிகளுக்கு வெவ்வேறு கையெழுத்து. எழுதுவதற்கென்று ரெக்டர் என்று ஒருவர். அவருக்கு மேலே எல்லாரையும் நடத்துகிறவராக இம்பரேட்டர். கடவுள் என்ற சொல் வரும் இடங்களில் மட்டும் கை தயங்கி, பெரிய எழுத்தில், பணிவோடு எழுதியது என்று மோசஸ் குறித்திருக்கிறார். எழுதும்போது தன் கருத்து கலக்கிறதா என்ற ஐயம் அவரைக் குடைந்தது. அதற்காக ஒரு பயிற்சி செய்தார். கடினமான நூல் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் வாதத்தைத் தொடர்ந்து படித்தபடியே, கையைத் தன் போக்கில் எழுத விட்டார். கை தடையின்றி எழுதியது. அப்படியும் தன் கருத்து கலக்கவே இல்லை என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. அது ஆராய வேண்டிய கேள்வி என்று திறந்தே விட்டார். இந்த ஒரு நேர்மைக்காகவே அவரைப் படிக்கலாம்.

அவர் சார்ந்திருந்த உளவியல் ஆய்வுக் கழகத்தின் ஃபிரெடெரிக் மயர்ஸ் பின்னாளில் இந்தக் குறிப்பேடுகளை வரிவரியாகப் பார்த்து 1894, 1895இல் நீண்ட கட்டுரைகள் எழுதினார். நம்மைப் பொறுத்தவரை முக்கியமானது வேறு. தானே எழுதும் கையை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் மறுபடி ஏசாயாவையும் எரேமியாவையும் எடுத்துப் படிக்கும்போது என்ன ஆகும்? இவர்களும் நம் தொழில் செய்தவர்கள்தானே என்று தோன்றும். தோன்றியது. இம்பரேட்டர் சொன்ன விளக்கம் இது: உயர்ந்த ஆவி ஒரு மனிதன் வழியாகப் பேச வேண்டுமானால் அந்த மனிதனின் மனத்தில் கிடக்கும் சொற்களையும் எண்ணங்களையும்தான் எடுத்தாள முடியும், ஆகவே வேதாகமத்தில் இறைத்தன்மையும் உண்டு, எழுதியவரின் காலமும் ஊரும் அறியாமையும் உண்டு. மண்ணின் இயல்பால் நீர் திரிவதை வள்ளுவர் சொல்லி நமக்குப் பழக்கம். ஒவ்வொரு எழுத்தும் இறைவனின் வாய்ச்சொல் என்று ஓதிவந்த ஒரு குருவானவருக்கு இது இடி.

விவிலியத் திறனாய்வாளர்கள் எபிரேய இலக்கணத்தையும் சுவடிகளையும் வைத்து எட்டிய முடிவு இதற்கு வெகு அருகில்தான் இருந்தது. மோசஸ் தன் மேசையில் உட்கார்ந்தபடியே அங்கே வந்து சேர்ந்தார். அவர் வழி அறிஞர் வழியைவிடச் சரியானது என்று நான் சொல்லவில்லை. சாதாரண விசுவாசிக்கு எபிரேயம் தெரியாது. தன் கையைத் தெரியும். ஆவியுலக இயக்கம் திருச்சபைத் தலைவர்களுக்கு ஏன் அவ்வளவு எரிச்சலூட்டியது என்பதற்கு இதில் ஒரு விடை இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு போகாதவர்களும் இந்த வாசலால் உள்ளே வர முடிந்தது.

4. கோட்பாடுகள்

வேதம் இறை ஏவுதலால் வந்தது என்ற நம்பிக்கை அசைந்ததும் மற்றவை தொடர்ந்து அசைந்தன. 1873இன் நடுவில் குறிப்பேடுகள் ஒரு வழக்காடு மன்றமாகவே மாறின. மோசஸ் சளைக்காமல் எதிர்த்தார். நீங்கள் சொல்வது வேதத்தின் நேர்ப்பொருளுக்கு மாறானது. சிலுவையை எடுத்துவிட்டால் கிறித்தவத்தில் மிஞ்சுவது என்ன. நீங்கள் ஒளியின் தூதர் வேடத்தில் வந்த சாத்தானாக ஏன் இருக்கக் கூடாது: இந்த வகையில் அவர் தொடுத்த மறுப்புகள் பக்கம் பக்கமாக நீளுகின்றன. கடவுள் பெயரால் ஆணையிடச் சொன்னார். நீங்கள் யார் என்று அடையாளம் கேட்டார். இவ்வளவு ஐயம் இருந்தால் இனிப் பேசுவதில் பயனில்லை என்று ஒரு கட்டத்தில் மறுபக்கம் ஒதுங்கப் பார்த்தது.

பெரிய சண்டை பாவப் பரிகாரத்தைப் பற்றியது. குற்றமற்ற ஒருவரின் இரத்தத்தால் சினம் தணிந்த கடவுள் என்ற படத்தைக் கை கடுமையாகச் சாடியது. அது கடவுளுக்கே இழிவு என்றது. தன் செயலால் ஒவ்வொருவரும் தன் வருங்காலத்தைத் தானே கட்டிக்கொள்கிறார், வேறொருவரின் புண்ணியம் கடனைத் தீர்க்காது என்பது மாற்றுப் போதனை. கிறிஸ்து மிக உயர்ந்த ஆவி, வாழ்ந்து காட்டிய ஆசான். வழிபடப்படும் கடவுள் அல்லர். வினைக் கொள்கை ஊறிய நம் காதுக்கு இது புதிதாகக் கேட்காது. ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது. பிரான்சில் ஆலன் கார்டெக் என்ற ஆவியுலகவாதியின் வழிவந்தவர்கள் மறுபிறப்பை ஏற்றார்கள். ஆங்கில ஆவியுலகவாதிகள் பெரும்பாலும் ஏற்கவில்லை. மோசஸின் ஆன்மா மேலுலகங்களில் ஏறிக்கொண்டே போகும். மறுபடி கருவறைக்கு வராது.

இந்த இடத்தில் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் குருவானவர்களின் சார்பில் நானே ஒரு மறுப்பைச் சொல்லிவிடுகிறேன். குறிப்பேடுகள் தாக்குவது பரிகாரக் கொள்கையின் ஒரு வடிவத்தை மட்டும்தான்: நமக்கு வர வேண்டிய தண்டனையைக் கிறிஸ்து ஏற்றார் என்ற வடிவத்தை. சிலுவையின் அன்பு மனிதனைத் திருப்புகிறது என்று 12ஆம் நூற்றாண்டிலேயே அபெலார் சொன்னார். ஸ்காட்லாந்தின் ஜான் மக்லியட் கேம்பல் 1831இல் குருப்பதவியை இழந்தவர். தண்டனைக் கணக்கை விலக்கி அவர் எழுதிய பரிகார நூல் 1856இல் வெளிவந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் படித்த ஒருவருக்கு இவை எட்டாத தொலைவில் இல்லை. எளிதில் வீழ்த்தக்கூடிய எதிரியை நிறுத்தி வீழ்த்துவது வாதக் கலையில் பழைய பழக்கம். ஆவிகளும் அதற்கு விலக்கில்லை போலும்.

நரகத்தைப் பற்றிய வாதத்தில் அவர் கை வலுவாக இருக்கிறது. நெருப்புக் குழி என்ற இடம் இல்லை, கெட்ட மனத்தின் நிலைதான் நரகம், அதிலிருந்தும் ஏறிவரலாம் என்பது போதனை. பெரியம்மையில் செத்தவரை அடக்கம் செய்தவர் கேட்கும் கேள்வியாக இதைப் படித்துப் பாருங்கள். 39 கோட்பாடுகளில் 18ஆவதையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எந்த மதத்தவராயினும் தன் மதத்தின்படியும் இயற்கை அறிவின்படியும் ஒழுங்காக வாழ்ந்தால் ஈடேறலாம் என்று சொல்வோர் சபிக்கப்பட்டோர் என்கிறது அது. இம்பரேட்டரின் போதனையைச் சுருக்கினால், சபிக்கப்பட்ட அந்தக் கருத்தே எழுத்துக்கு எழுத்து வந்து நிற்கும். 1863இல் எந்தக் கையால் ஒப்பமிட்டாரோ அந்தக் கையே பத்தாண்டு கழித்து அதை அடித்தது.

5. சோதனை

சமயவாதிகள் மோசஸ் போன்றோருக்கு எதிராக எடுத்துக்காட்டியவை இரண்டு: இறந்தோரிடம் குறி கேட்பதைத் தடுக்கும் உபாகமம் 18ஆம் அதிகாரம், சவுல் அரசன் எந்தோரில் சாமுவேலின் ஆவியை எழுப்பிக் கெட்ட கதை. கத்தோலிக்கத் திருச்சபை 1917இல் ஆவிக் கூட்டங்களுக்குப் போவதையே விசுவாசிகளுக்குத் தடை செய்தது. ஆவியுலகவாதிகள் பதிலுக்கு நீட்டியது யோவான் முதலாம் திருமுகத்தின் 4ஆம் அதிகாரம்: எல்லா ஆவியையும் நம்பிவிடாமல் சோதித்துப் பாருங்கள் என்ற அறிவுரை.

அந்த அதிகாரத்தை முழுதாகப் படித்தால் ஒன்று தெரியும். அங்கே தரப்படும் சோதனை கோட்பாட்டுச் சோதனை: இயேசு கிறிஸ்து மனிதனாக வந்தார் என்று ஒப்புக்கொள்ளும் ஆவி கடவுளிடமிருந்து வந்தது, ஒப்புக்கொள்ளாதது அப்படியன்று. மோசஸ் சோதனையை வைத்துக்கொண்டார், அளவுகோலை மாற்றிவிட்டார். சொல்லப்படுவது அறிவுக்குப் பொருந்துகிறதா, கேட்டவனை நல்லவனாக்குகிறதா, சொல்பவரின் நடத்தை தூயதா என்பவை அவர் அளவுகோல்கள். எங்களையும் உன் அறிவைக் கொண்டே எடைபோடு என்று கை திரும்பத் திரும்ப எழுதியது. குறிப்பேடுகளில் எனக்கு மிகவும் மதிப்புடையதாகப் படுவது இதுதான். நரகத்தையும் பரிகாரத்தையும் மறுத்தவர்கள் அந்தக் காலத்தில் எத்தனையோ பேர். மறுக்கும் குரலையும் சேர்த்து நிறுத்துப் பார் என்ற அனுமதியை ஒரு வெளிப்பாடே கொடுப்பது அரிது.

எம்மா ஹார்டிஞ்ச் பிரிட்டன் போன்ற ஆவியுலகவாதிகள் கிறித்தவத்தை விட்டு வெளியேறித் தனிக் கொள்கை வகுத்தார்கள். தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்பது அதில் ஒன்று. மோசஸ் அந்த எல்லைக்குப் போகவில்லை. கிறித்தவத்தின் மேல் படிந்ததைக் கழுவுகிறோம் என்பதே கடைசிவரை அவர் நிலை.

6. விதி திரும்பியது

வாங்கிச் சொல்பவரின் சாயல் செய்தியில் ஏறும் என்றால், இம்பரேட்டரின் செய்தியில் மட்டும் ஏறாதா? ஏறியிருக்கிறது. மோசஸ் உயிரோடு இருந்தவரை வெளியிடாமல் வைத்திருந்த ஒரு செய்தி பிறகு அச்சில் வந்தது: இம்பரேட்டர் என்பவர் பழைய ஏற்பாட்டின் மலாக்கி இறைவாக்கினராம். மலாக்கி நூலைப் படித்தவர்களுக்குத் தெரியும், ஊனமான பலி விலங்குகளைக் கொண்டுவந்த குருக்களைக் கண்டித்து, பத்தில் ஒரு பங்கு காணிக்கையைக் கேட்டு வாங்குகிற குரல் அது. குறிப்பேடுகளில் அந்தக் குரல் எங்கும் இல்லை. அங்கே பேசுவது 1870களின் தாராளப் போக்குள்ள ஆங்கிலேயக் குருவானவர். வாக்கிய அமைப்பே பிரசங்க மேடையுடையது. அமெரிக்காவில் திருமதி பைப்பர் என்ற மீடியத்திடம் 1890களில் இதே இம்பரேட்டர் குழு வந்ததாகச் சொல்லப்பட்டது. மோசஸின் ஆவியே பேசுவதாகவும் சொல்லி, அந்த வழிகாட்டிகளின் பெயர்களைக் கேட்டபோது வந்த விடைகள் குறிப்பேடுகளோடு பொருந்தவில்லை.

ஃபிராங்க் பாட்மோர் என்ற ஆய்வாளர், மோசஸின் வீட்டு அமர்வுகளில் நடந்ததாகச் சொல்லப்பட்ட பொருள் நகர்வுகளையும் ஒளிகளையும் ஏமாற்று என்றே முடிவு செய்தார். தியோசபி சங்கத்தை நிறுவிய பிளாவட்ஸ்கியும் ஆல்காட்டும் மோசஸோடு கடிதத்தில் வாதிட்டார்கள். இம்பரேட்டர் யார் என்பதற்குத் தியோசபி சொன்ன விளக்கங்களை அவர் ஏற்கவில்லை. ஆல்காட் இந்தக் கடிதப் போக்குவரத்தைத் தன் நாட்குறிப்பு நூலில் விரிவாகவே எழுதியிருக்கிறார்.  

நான் ஒப்பிட விரும்புவது வேறொருவரோடு. பம்பாயில் பிறந்த ஃபிரெடெரிக் ஃபாரர் 1877இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நின்று, நித்திய நரகத்தை மறுத்துத் தொடர் பிரசங்கம் செய்தார். கையை எதுவும் பிடித்து எழுதவில்லை. தன் பெயரில், தன் குரலில், தன் பொறுப்பில் பேசினார். கூச்சல் எழுந்தது, அடங்கியது. 1895இல் கான்டர்பரி பேராலய முதல்வரானார். மோசஸ் தன் நூல்களில் பெயரைக்கூடப் போடவில்லை, 'எம்.ஏ. (ஆக்ஸன்)' என்றே கையொப்பமிட்டார். 1883இல் வந்த 'ஆவிப் போதனைகள்' அப்படி வெளியானதுதான். ஃபாரர் நேராகச் சொன்னதைச் சொல்ல மோசஸுக்கு ஒரு மலாக்கி தேவைப்பட்டார். ஓர் அதிகாரத்தைக் கேள்வி கேட்க இன்னோர் அதிகாரத்தைத் துணைக்கு அழைக்கும் வழக்கம் சமய வரலாற்றில் நெடுகவும் உண்டு. இதற்காக அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஃபாரரின் பிரசங்கத்தில் ஒரு குரல்தான் இருக்கிறது. மோசஸின் பக்கங்களில் மறுப்பவரும் மறுக்கப்படுபவரும் ஒருவரையொருவர் பல ஆண்டுகள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

1892இல் மோசஸ் இறந்தார். 'ஆவிப் போதனைகள்' நூலை வாங்கிய வாசகர்கள் பதில்களுக்காகவே வாங்கினார்கள். இன்றும் அதை மறுபதிப்பிடுபவர்கள் இம்பரேட்டரின் வாசகங்களைத்தான் பொறுக்கி எடுத்துப் போடுகிறார்கள். மோசஸின் கேள்விகள் இடையிடையே சிற்றெழுத்துப்போல ஒதுங்கிக் கிடக்கின்றன. இந்தத் துறையின் ஆய்வு மாணவர் யாராவது அந்தக் கேள்விகளை மட்டும் தேதிவாரியாகத் தொகுத்து, அவர் எந்த மறுப்பை எப்போது கைவிட்டார், எதைக் கடைசிவரை கைவிடவே இல்லை என்று காட்டினால், அந்த ஆய்வேட்டைப் படிக்க நான் காத்திருக்கிறேன்.